ஒரு கேன் மீன் அமிலமும் குண்டனி நாட்டுக் கொய்யாக் காடும்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அருவியில் குளிக்கப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள், வாசலூர்பட்டி ஏரியில் படகு விடப் போவார்கள். நான் ஒரு கேன் நிறைய மீன் அமிலத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மீன் அமிலம் என்றதும் பயந்துவிட வேண்டாம். மீன் கழிவையும் வெல்லத்தையும் சரிக்குச் சரி போட்டு மூடி வைத்தால், ஒரு மாதம் கழித்துத் தேன் நிறத்தில் ஒரு சாறு இறங்கும். அதைத் தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்து தெளித்தால் பழ மரத்தில் பூ உதிராது, பிஞ்சு நிற்கும். எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கம். வேம்பாரிலிருந்து தினமும் வரும் மீன்காரர் தலை, குடல், செதில் எல்லாவற்றையும் எனக்கென்று தனியாக எடுத்து வைப்பார். எனக்கு அது உரம். மலைக்கு மேலே இருக்கும் வெள்ளையம்மாவுக்கு அது கிடைக்காத பொருள்.

வெள்ளையம்மாவை நாமக்கல்லில் நடந்த ஒரு பழ விவசாயிகள் கூட்டத்தில் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலை. நாற்பது வயதிருக்கும். கொல்லிமலையில், சில ஊர்களைச் சேர்த்து நாடு என்பார்கள், அப்படிக் குண்டனி நாட்டில் ஒரு பாறைச் சரிவில் கொய்யாவும் சீத்தாவும் வைத்திருப்பதாகச் சொன்னாள். "பூவெல்லாம் நல்லாத்தான் எடுக்குதுங்கக்கா, பிஞ்சு நிக்க மாட்டேங்குது" என்றாள்.

"தண்ணி எப்படிப் பாய்ச்சுத?"

"தண்ணிக்கு எங்கீங்க போறது? மழை பெஞ்சாப் பாறைல வழுக்கி அடிவாரத்துக்கு ஓடிருது. கோடைல ஊத்துல இருந்து குடிக்கத் தூக்கியாரதே பெரும்பாடு."

தண்ணீர் விடாமல் கொய்யாவா என்று எனக்குள் ஒரு சந்தேகம். என் தோட்டத்தில் போர் போட்டும் பாதிக் கொய்யா நின்ற இடத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. ஒரு சோலார் கம்பெனிக்காரர்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு இரண்டு தடவை வந்து போயிருந்தார்கள். மரத்தை எல்லாம் பிடுங்கிவிட்டுத் தகடு பதிப்பார்களாம். என் வீட்டுக்காரர் முக்கால்வாசி சம்மதித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. காய்ந்த மரத்தைப் பார்த்துப் பார்த்து மனிதர் ஓய்ந்துபோயிருந்தார். "மலைக்கு ஒருதரம் போயிட்டு வந்துருதேன், அப்புறம் முடிவு சொல்லுதேன்" என்று கிளம்பினேன்.

பங்குனி வெயில். சேந்தமங்கலத்தில் பஸ் நின்றபோது கேனைத் தொட்டுப் பார்த்தேன், வெந்நீர்ப் பானை போலச் சுட்டது. சிந்தாமல் இருக்கட்டும் என்று மூடியைச் சுற்றிப் பாலிதீன் வைத்து இறுக்கிக் கட்டியிருந்தேன். ஊறல் இன்னும் முழுதாக அடங்கவில்லை என்பதும், காற்றுப் போக வழி வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாத விஷயமல்ல. கிளம்புகிற அவசரத்தில் மறந்துபோயிற்று.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. பஸ் ஒரு பக்கம் சாயும், எல்லாரும் ஒரு பக்கம் சாய்வோம். ஜன்னலுக்கு வெளியே முதலில் தென்னை, பிறகு மூங்கில், பிறகு பெயர் தெரியாத பெரிய மரங்கள். கீழே நாமக்கல் சமவெளி பழைய போர்வையை விரித்துப் போட்டதுபோல மங்கலாகக் கிடந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலடியில் கேன் உப்பிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

டப் என்று ஒரு சத்தம். டயர் வெடித்தது என்று டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். மூடி மேலே போய்க் கூரையில் அடித்து ஒருவர் மடியில் விழுந்தது. சாறு நுரைத்துக்கொண்டு சீட்டுகளுக்கு அடியில் முன்னும் பின்னும் ஓடியது. ஏற்கெனவே வளைவுகளில் தலைசுற்றி உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள்.

பின் சீட்டுப் பெரியவர் ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "ஏஞ்சாமி, கருவாட்டுக் கொழம்புங்களா?"

கண்டக்டர் நல்ல மனிதர். திட்டவில்லை. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, இதோட மேல போனா நாளைக்கு இந்த வண்டில ஒருத்தரும் ஏற மாட்டாங்க" என்றார். நானே இறங்கிக்கொண்டேன். பஸ் போய்விட்டது.

வளைவுச் சுவர்மேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கேனைக் கண்டதும் தலைவன் போலிருந்த ஒன்று இறங்கி வந்தது. குனிந்து முகர்ந்தது. என் முகத்தை ஒரு தடவை பார்த்தது. அப்புறம் தன் கூட்டத்தை அழைத்துக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போய்விட்டது.

சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு குட்டியானை வண்டி நின்றது. டிரைவர் பையன் பின்னால் இடம் காட்டி, "மூட்டை மேல ஒக்காந்துக்குங்க, கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றான். எது நாறுகிறது என்று அவன் கேட்கவே இல்லை. சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, பாதியான கேனைக் கட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே அந்த மலையை ஏறினேன். ஏறிய ஒவ்வொரு வளைவும் எனக்கு எதிரே கீழே கீழே விரிந்துகொண்டே போனது. பஸ்ஸில் இருந்திருந்தால் இப்படிப் பார்த்திருக்க முடியாது.

மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் இறங்கியதும் குளிர் முகத்தில் அறைந்தது. பங்குனியில் குளிர். எங்கள் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு கடையில் முடவாட்டுக்கால் சூப் கொடுத்தார்கள். பாறையில் ஒட்டி வளரும் ஒரு கிழங்கு அது, ஆட்டுக்கால் மாதிரியே ரோமம் போர்த்தியிருக்கிறது. சூப்பும் ஆட்டுக்கால் சூப் போலவேதான் இருந்தது. மிளகு தொண்டையில் இறங்கி வயிறு வரை தெரிந்தது. இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது வெள்ளையம்மா வந்து சேர்ந்தாள். கேனைப் பார்த்தாள், என் சேலையைப் பார்த்தாள்.

"வழில எதாச்சும் ஆயிப்போச்சுங்களாக்கா?"

"பாதியக் கொல்லிமலை பஸ்ஸுக்கே தெளிச்சிட்டேன்."

அவள் சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார்.

அவள் வீடு ரோட்டிலிருந்து இறங்கி நடக்கிற தூரம். அவளுடைய வீட்டுக்காரர் போர் போடும் லாரியில் வேலைக்குப் போய் வடநாட்டில் எங்கோ இருந்தார். ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவர். "அவங்க லாரி இந்தச் சரிவுல எறங்காதுங்க. எறங்குனாலும் பாறைதான்" என்றாள். இரவுச் சாப்பாடு சாமைச் சோறு, பலாக்கொட்டையும் மொச்சையும் போட்ட குழம்பு. சாமை எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் இந்த மணம் அதற்கு இல்லை. தட்டில் மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டேன்.

காலையில் காட்டுக்குக் கூட்டிப்போனாள். அந்த மலையில் தோட்டத்தையும் காடு என்றுதான் சொல்கிறார்கள்.

போகிற வழியெல்லாம் பாறை. இடையில் செம்மண், அதில் இடுப்புயரத்துக்குக் காய்ந்து நின்ற போதைப்புல். ஆடு கூட விரும்பி மேயாது என்று தோன்றியது. இதற்கு எங்கள் ஊரே தேவலை என்று நினைத்துக்கொண்டே ஒரு பாறையைச் சுற்றி வந்தேன், நின்றுவிட்டேன்.

சரிவு முழுவதும் பச்சை. படிப்படியாகப் பிறை வடிவத்தில் கல் அடுக்கி, ஒவ்வொரு பிறைக்குள்ளும் ஒரு மரம். கொய்யா, சீத்தா, நடுவில் சில நாரத்தை. மேலிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீர் கல்லில் முட்டி மரத்தடியில் நின்று இறங்கட்டும் என்று அடுக்கியது. மண் எங்கும் கண்ணில் படவில்லை. எல்லா மரத்தடியிலும் முழங்கால் உயரத்துக்குச் சருகும் தழையும் மெத்தையாகக் கிடந்தன. இதைத்தான் மூடாக்கு என்கிறோம். நானும் போட்டிருக்கிறேன், ஒரு சாண் உயரம். இவளுடையது ஏழெட்டு வருடத்து மூடாக்கு. பலா இலை, காப்பி இலை, மழைக்காலத்தில் மரங்களுக்கு இடையில் கொள்ளு விதைத்துப் பூக்கும்போது அறுத்துப் போட்டது, எல்லாம் அடுக்கடுக்காக மக்கிக்கொண்டிருந்தன.

மேல் ஓரத்தில் மூன்று நீல டிரம். சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கரைத்த ஜீவாமிர்தம் நுரைத்துக்கொண்டிருந்தது. அதற்கான தண்ணீர் அத்தனையும் ஊற்றிலிருந்து அவள் தலையில் ஏறி வந்தது. மரத்துக்கு ஒரு செம்புதான். "மரம் குடிக்கறதுக்கு இல்லீங்க. சருகு மக்கறதுக்கு" என்றாள்.

ஒரு கொய்யாவைப் பறித்துக் கொடுத்தாள். சிறிய காய், மேலெல்லாம் சொரசொரப்பு. கடித்தேன். தண்ணீர் இல்லாத நிலத்துக் கொய்யாவுக்கு ஒரு அடர்த்தி உண்டு, எனக்கு அது தெரியும். ஆனால் இது வேறு. மென்று விழுங்கிய பிறகும் வாயில் மணம் நின்றது. அந்தச் சரிவையும் அவள் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். எத்தனை குடம், எத்தனை சுமை சருகு.

அப்போது பக்கத்துக் காட்டிலிருந்து ஓர் ஆள் வந்தார். சின்ராசு, அவளுடைய கொழுந்தன். மரவள்ளியும் ஆடும் வைத்திருப்பவர். எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு அண்ணியிடம் பேசினார்.

"கீழ ஓரத்துல ஒரு தடம் சுத்தமாச் செதுக்கி உடுங்கன்னு மார்கழிலயே சொன்னேன். இத்தனை சருகு. தீ வந்தா என்னங்கண்ணி பண்றது?"

"ஒவ்வொரு சருகும் நான் சொமந்துட்டு வந்தது. அத வாரிக் கொட்டச் சொல்றியா? உன் காட்டப் பாரு சின்ராசு."

அவர் திரும்பித் தன் காட்டுக்குப் போய்விட்டார். இரண்டு பேருக்கும் பேச்சு அவ்வளவாக இல்லை என்பது புரிந்தது. மரவள்ளி போட்டால் போதும் என்று அவர் சொன்னதும், மரவள்ளி மண்ணைத் தின்றுவிடும் என்று இவள் சொன்னதும் பழைய சண்டையாம்.

மதியம் காட்டிலேயே கேழ்வரகுக் களி தின்றுவிட்டு, மீன் அமிலத்தை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளையம்மா தலையை நிமிர்த்தினாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவள் மூக்குக்கு முதலில் தெரிந்துவிட்டது.

கீழே, சரிவின் அடியில், புல்லுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் புகை. யார் வைத்தது, எப்படி வந்தது, இன்றுவரை தெரியாது. சமவெளியிலிருந்து ஏறிவரும் காற்று அதை மேலே தள்ளியது. காய்ந்த போதைப்புல் பிடித்தால் தீ ஓடாது, தாவும் என்பதை அன்றுதான் கண்டேன். புகைக்குள் சிவப்பு தெரிந்தபோது படபட என்று ஒரு சத்தம், யாரோ ஆயிரம் விறகை ஒரே நேரத்தில் ஒடிப்பது மாதிரி.

வெள்ளையம்மா அசையாமல் நின்றாள். அந்தத் தோட்டத்துக்கு உயிர் கொடுத்த சருகுதான் இப்போது தீக்கு வழி.

சின்ராசு ஓடிவந்தார். கையில் மண்வெட்டி. வாயில் ஒரு விசில் ஊதினார், ஊருக்குக் கேட்கிற விசில். "அண்ணி, கீழ ரெண்டு வரிசைய உட்ருங்க. மூணாவது வரிசைக்குக் கீழ சருக மேல இழுங்க. மண்ணு தெரியணும்." காலையில் பேசியதை அவர் ஞாபகப்படுத்தவில்லை.

அவள் குனிந்து வாரத் தொடங்கினாள். நானும் குனிந்தேன். கையாலும் முறத்தாலும் வாரினோம். ஊரிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தபடி இருந்தார்கள், பெண்கள்தான் அதிகம். வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. சிலர் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு தீக்கு முன்னால் போனார்கள், மற்றவர்கள் எங்களோடு சேர்ந்து சருகை இழுத்தார்கள். சரிவின் குறுக்கே வெறும் மண்ணாக ஒரு பட்டை உருவாகத் தொடங்கியது. வருடக்கணக்காகச் சேர்ந்ததை நாங்கள் அத்தனை பேரும் வெறித்தனமாகக் கலைத்துக்கொண்டிருந்தோம்.

"தண்ணி" என்று யாரோ கத்தினார்கள். தண்ணீர் எங்கே இருக்கிறது? வெள்ளையம்மா டிரம்மைக் காட்டினாள். மூன்று டிரம் ஜீவாமிர்தத்தையும் குடத்தில் மொண்டு அந்தப் பட்டை நெடுக ஊற்றினார்கள். நான் என் கேனைத் தூக்கினேன். விளாத்திகுளத்திலிருந்து கட்டிச் சுமந்து, பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி, மிச்சம் வைத்த பாதியைப் பட்டையை ஒட்டிய ஒரு சீத்தா மரத்தடியில் கவிழ்த்தேன். யோசிக்கவே இல்லை.

கீழ் வரிசை பிடித்துக்கொண்டது. இலைகள் பச்சையாகவே பொசுங்கின. காய்கள் வெடித்தன. இரண்டாவது வரிசை. வெக்கையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆட்கள் கிளையால் அடித்து அடித்துப் பின்வாங்கி, அந்த ஈரப் பட்டைக்கு இந்தப் பக்கம் வந்து வரிசையாக நின்றார்கள். பறந்து வந்து விழுந்த பொறியை எல்லாம் மிதித்தார்கள். வெறுங்காலோடு மிதித்தவர்களும் உண்டு.

தீ பட்டையின் விளிம்பு வரை வந்தது. அங்கே தின்ன ஒன்றும் இல்லை. இப்படியும் அப்படியும் கொஞ்சம் தேடியது. பிறகு குனிந்து, சிறுத்து, புகையாகிவிட்டது.

எல்லாரும் அப்படியே உட்கார்ந்தோம். கரி அப்பி யார் முகமும் அடையாளம் தெரியவில்லை. யாரோ ஒரு பெண் எழுந்து போய், எரிந்த மரத்தடியிலிருந்து சுட்ட கொய்யாக்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்து ஆளுக்கொன்று கொடுத்தாள். தோல் கருகி, உள்ளே வெந்து, வெல்லம்போல இனித்தது. தின்றோம்.

வெள்ளையம்மா மட்டும் கீழ் வரிசைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாம்பலை ஒதுக்கினாள். சாம்பலுக்குக் கீழே பாதி கருகிய சருகு. அதற்குக் கீழே கருகாத சருகு. அதற்கும் கீழே மண். "அக்கா, கையை வெய்ங்க" என்றாள்.

வைத்தேன். குளிர்ந்திருந்தது. பங்குனி மாதத்தில், பாறைச் சரிவில், தீ மேலே நடந்து போய் ஒரு நாழிகை ஆகாத இடத்தில் அந்த மண் ஈரமாகக் குளிர்ந்திருந்தது. கையை இன்னும் உள்ளே விட்டேன். மண்புழு ஒன்று விரலில் உரசி விலகிப் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அது புகையால் அல்ல. எத்தனையோ தோட்டம் பார்த்திருக்கிறேன். மண்ணைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது அன்று ஒரு நாள்தான்.

"வேரு சாகலீங்க" என்றாள் அவள். "துளுத்துக்கும்."

சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தார். கம்பெனிக்காரர்கள் மறுநாள் வருகிறார்களாம்.

"என்ன சொல்ல?"

"வேண்டாம்னு சொல்லிருங்க."

"அப்படி அங்க என்னத்தப் பாத்த?"

"ரெண்டு வரிசை மரம் எரிஞ்சதப் பாத்தேன்."

"வந்து சொல்லுதேன், வெட்டிப் போட்ட கருவேலந் தழையை மட்டும் யாருக்கும் குடுத்துராதிய, மூடாக்குக்கு வேணும்" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலை, ஊருக்குக் கிளம்புமுன் ஒரு தடவை காட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் நடந்தோம். வெள்ளையம்மா தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கலைத்துப்போட்ட சருகை மறுபடி பரப்புவதற்கே ஒரு மாதம் ஆகும், எரிந்ததற்குப் புதிதாகச் சுமக்க இன்னும் எத்தனை வருடமோ என்று கணக்குப் போட்டபடி வந்தாள்.

பாறையைச் சுற்றி வந்தோம். காட்டுக்குள் ஆள் நடமாட்டம். ஒரு பெண் தலையிலிருந்து பலா இலைச் சுமையைக் கல் வரப்பின்மேல் தள்ளிவிட்டு, எங்களைப் பார்த்ததும், "எங்க ஊட்டுப் பின்னால சும்மா கெடந்துச்சு" என்று சொல்லிப் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, ஒரு கூடைச் சாணம். முந்தின நாள் கொய்யா பொறுக்கித் தந்தவள் ஒரு கட்டு அவரைக்கொடி. யாரையும் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

கீழே, எரிந்த வரிசைகளுக்கு நடுவில் ஆடுகள் நின்றன. சின்ராசு சுற்றிலும் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தார். ராத்திரிக்கு ஆட்டை அங்கேயே அடைத்துவிட்டால் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கிவிடும். கிடை போடுவதென்றால் எங்கள் பக்கம் நடையாய் நடந்து கெஞ்சிக் கூப்பிட வேண்டும்.

வெள்ளையம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "மரத்தைக் கடிச்சுப்புடாதா?"

"கடிக்க என்னங்கண்ணி மிச்சம் இருக்குது? துளுக்கறதுக்குள்ள ஓட்டிக்கிறேன்."

அவள் திரும்பிச் சரிவின் கீழ் ஓரத்தைப் பார்த்தாள். பிறகு, "அந்தத் தடம் எத்தன அகலத்துக்குச் செதுக்கோணும்?" என்று கேட்டாள்.

சின்ராசு ஊன்றிய குச்சியைப் பிடுங்கிக்கொண்டு சரிவின் அடி ஓரத்துக்கு இறங்கினார். குச்சி நுனியால் மண்ணில் ஒரு கோடு இழுத்தபடி ஓரம் நெடுக நடந்தார். அழிந்துபோகாமல் இருக்க அந்தக் கோட்டின்மேல் ஒவ்வொரு கல்லாக வைத்துக்கொண்டு வெள்ளையம்மா பின்னாலேயே போனாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குக் கல் பொறுக்கிக் கொடுத்தேன்.